பொருள் வரையறையும் புதிய மட்டையும்

இல்லறத்தார்க்கு அருக சமயம் வகுத்தளித்த ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. இதனைப் பரிமித பரிக்கிரகம் என்றும் வழங்குவர். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை ஆகிய நான்கும் எவற்றைச் செய்யலாகாது என்று நமக்கு உரைக்கின்றன. ஐந்தாவதோ, 'எவ்வளவு போதும்?' என்னும் வினாவை நம் கையிலேயே ஒப்படைத்து விடுகிறது. அளவை நாமே குறிக்க வேண்டும். குறித்த அளவை நாமே காக்க வேண்டும். ஆகவே ஐந்தனுள் எளியது போலத் தோன்றிக் கடைப்பிடிக்கும்போது அரியதாக விளங்குவது இவ்விரதமே ஆகும்.

இவ்விதழின் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட சான்று வாசகர் பலருக்கு வியப்பளிக்கலாம். அது கோல்ஃப் விளையாட்டில் பயன்படும் ஒரு மட்டை. நம் குடும்பங்களில் கோல்ஃப் ஆடுவோர் மிகச் சிலரே என்பதை அறிவோம். எனினும் இவ்வினா எழுந்த விதமும், அதற்கு விடை கண்ட முறையும், தியாகராய நகரில் ஆடித் தள்ளுபடிக் காலத்தில் புடைவை எடுக்கச் செல்வோர்க்கும், பழுதில்லாத தொலைபேசியை மாற்ற நினைக்கும் இளைஞர்க்கும் ஒருங்கே பயன்படும் என்பதால் அதனை ஈண்டு விரித்துரைக்கின்றோம்.

வினா எழுந்த விதம்

மயிலாப்பூரில் அன்பர் ஒருவர் இல்லத்தில் ஞாயிறுதோறும் நாம் சிலர் கூடிச் சுவாத்தியாயம் செய்து வருகிறோம். மயிலை நமக்குப் புதிய ஊரன்று. நேமிநாத தீர்த்தங்கரரின் ஆலயம் முன்னாளில் விளங்கிய பதி அது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் எனப் பெயர் சூட்டியது அப்பெருமானை முன்னிட்டே. அத்திருவுருவம் பின்னர் மேல்சித்தாமூருக்கு எழுந்தருளியது என்பது நம் மரபு.

இக்கூட்டத்திற்கு அடையாற்றிலிருந்து தவறாது வருகின்ற பெரியவர் ஒருவர் உளர். பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வயது 67. நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டியுள்ள காஸ்மாபாலிட்டன் கிளப்பின் ஆடுகளத்தில் வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன், நண்பர்களுடன் கோல்ஃப் ஆடுவது அவர் வழக்கம். சென்ற தசலட்சணப் பருவத்தில் அவர் ஒரு நியமம் ஏற்றார். விளையாட்டிற்கும் பொழுதுபோக்கிற்கும் ஓராண்டில் 40,000 ரூபாய்க்கு மேல் செலவிடுவதில்லை என்பதே அது.

பின்னர் ஒருநாள் உடன் ஆடும் நண்பர் புதிய 'டிரைவர்' ஒன்றைக் கொணர்ந்தார். டிரைவர் என்றதும் கார் ஓட்டுநரை எண்ணிவிட வேண்டா. ஒவ்வொரு குழிக்கும் ஆட்டத்தைத் தொடங்கும் இடத்தில் பந்தை நெடுந்தொலைவு அனுப்பப் பயன்படும், எல்லாவற்றினும் நீளமான மட்டைக்கு அப்பெயர். நண்பரின் பந்து அன்று நம் பெரியவரின் பந்தைக் கடந்து முன்னே சென்று விழுந்தது. பெரியவரின் மட்டை 2012இல் வாங்கியது. புதியதன் விலை 55,000 ரூபாய்.

"நியமம் செலவைப் பற்றியதுதானே? அயல்நாட்டிலிருக்கும் என் மகன் அதனை வாங்கிவந்து பரிசாகக் கொடுத்தால் நியமம் முறியுமா?" என்று அவர் கூட்டத்தில் வினவினார். உடனிருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, "தாத்தா, முதலில் அந்த மட்டை உங்களுக்குத் தேவைதானா என்று பார்த்துவிடலாமே" என்றாள். அவையில் சிரிப்பு எழுந்தது. ஆயினும் அவ்விரு வினாக்களும் ஆராயத் தக்கனவே. எனவே பொருளின் இயல்பை முதலிலும், மனத்தின் இயல்பைப் பின்னரும் ஆராய முற்பட்டோம்.

மட்டையின் வரலாறு

நெடுங்காலம் டிரைவரின் தலை மரத்தால் ஆனதாகவே இருந்தது. பெர்சிமன் என்னும் மரத்தின் கட்டையைக் கடைந்து அதனைச் செய்தனர். 1979இல் டெய்லர்மேட் நிறுவனம் எஃகுத் தலையுள்ள மட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1991இல் காலவே நிறுவனம் 'பிக் பெர்த்தா' என்னும் மட்டையை வெளியிட்டது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய பீரங்கியின் பெயர் அது. அதன் தலை 190 கன சென்டிமீட்டர் கொண்டது. அந்நாளில் அதுவே பெரிதாகக் கருதப்பட்டது. 1995இல் டைட்டேனியம் உலோகத்தால் அதனினும் பெரிய தலை வந்தது.

டைட்டேனியம் எடை குறைந்தது, வலிமை மிக்கது. ஆதலின் தலையைப் பெரிதாக்கவும், முகப்பை மெல்லியதாக்கவும் இயன்றது. மெல்லிய முகப்பு, பந்து பட்டதும் சற்றே உள்வாங்கி மீள்கிறது. பந்து மிகுந்த வேகத்துடன் புறப்படுகிறது. மரமட்டையிலிருந்து டைட்டேனியத்திற்கு மாறியவர்கள் மெய்யாகவே பெரும் பயன் கண்டனர். 'புதியது சிறந்தது' என்னும் நம்பிக்கை அக்காலத்தில் பொய்யன்று.

விளையாட்டே வகுத்த வரம்புகள்

ஆனால் அந்த வளர்ச்சி எல்லையின்றிச் செல்ல விடப்படவில்லை. கோல்ஃப் விதிகளை வகுக்கும் இரு அமைப்புகள் உள்ளன. ஒன்று அமெரிக்க கோல்ஃப் சங்கம். மற்றொன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் உள்ள ஆர் அண்ட் ஏ. மட்டையின் ஆற்றலுக்கு இவை நான்கு வரம்புகளை இட்டுள்ளன.

முதலாவது, துள்ளல். மட்டையும் பந்தும் மோதுமுன் நெருங்கும் வேகம் 100 எனில், மோதிய பின் விலகும் வேகம் 83-ஐ மிகலாகாது. அமெரிக்கச் சங்கம் 1998இல் தொடங்கிய இவ்வரம்பு, 2008 முதல் உலகெங்கும் எல்லா ஆட்டக்காரர்க்கும் பொதுவாயிற்று.

இரண்டாவது, அளவு. 2004 முதல் தலையின் கன அளவு 460 கன சென்டிமீட்டரை மிகலாகாது.

மூன்றாவது, நீளம். 2004 முதல் மட்டையின் நீளம் 48 அங்குலத்துக்குள் இருத்தல் வேண்டும். 2022 முதல், உயர்நிலைப் போட்டிகளை நடத்துவோர் விரும்பினால் இதனை 46 அங்குலமாகக் குறைக்கவும் இடமளிக்கப்பட்டுள்ளது.

நான்காவது, திருகாமை. பந்து முகப்பின் நடுவில் படாது ஓரத்தில் பட்டால் தலை திருகிக்கொள்ளும், பந்து வழிதவறும். அத்திருகலைத் தடுக்கும் பண்பினை நிலைமத் திருப்புத்திறன் என்பர். 2006 முதல் இதற்கும் 5,900 கிராம் சதுர சென்டிமீட்டர் என்னும் வரம்பு உண்டு. சோதனைப் பிழைக்காக மேலும் 100 வரை பொறுத்துக்கொள்வர். 2024இல் வெளிவந்த சில மாதிரிகள் 10,000 என்னும் எண்ணைப் பெருமையுடன் விளம்பரப்படுத்தின. ஐந்தாயிரத்துச் சொச்சம் பத்தாயிரமாகியது எங்ஙனம்? கிடைமட்டத் திருகலையும் மேல்கீழ்த் திருகலையும் தனித்தனியே அளந்து, இரண்டையும் கூட்டிச் சொன்னதால்தான்! விதி வரையறுப்பது முன்னதை மட்டுமே. விளம்பரம் உரைத்தது பொய்யன்று. ஆனால் கேட்போர் கொள்ளும் பொருள் வேறாகிவிடுகிறது.

இவற்றால் பெறப்படுவது யாது? 2008க்குப் பின் நல்ல முறையில் செய்யப்பட்ட டிரைவர் எதுவாயினும், நடு முகப்பில் பந்தை அடிக்கும்போது தரும் வேகத்தில் வரம்பின் விளிம்பை ஏறத்தாழ எட்டிவிட்டது. 2012ஆம் ஆண்டு மட்டையையும் இன்றைய மட்டையையும் நடுவில் பட அடித்தால், பந்தின் வேகத்தில் பெரும் வேற்றுமைக்கு இடமில்லை. பின்வந்த ஆண்டுகளில் வளர்ந்தவை பிறிது: ஓர அடிகளைப் பொறுத்துக்கொள்ளும் பண்பு சற்று மிகுந்துள்ளது, எடையையும் கோணத்தையும் திருப்பி அமைக்கும் வசதி பெருகியுள்ளது. இவையும் பயன்களே. ஆனால் மரத்திலிருந்து டைட்டேனியத்திற்குத் தாவிய தாவலுக்கு இவை நிகராகா.

இன்னொரு விதியும் நம் கருத்தைக் கவர்ந்தது. முன்னாளில் ஆட்டக்காரர் சிலர் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைச் சுமந்து சென்றனர். அமெரிக்கச் சங்கம் 1938இலும், ஆர் அண்ட் ஏ 1939இலும் 14 மட்டைகளுக்கு மேல் கொண்டு செல்லலாகாது என விதித்தன. மிகுதியாக ஒன்று இருப்பினும் தண்டனை உண்டு. புலனின்பத்திற்காக ஆடப்பெறும் ஒரு விளையாட்டே, அளவில்லையேல் ஆட்டமில்லை என்று உணர்ந்து தனக்குத் தானே பரிமாணம் செய்துகொண்டது. அங்ஙனமாயின் வாழ்வுக்கு அளவு வேண்டும் என்று நம் ஆசாரியர்கள் உரைத்ததில் வியப்பென்ன?

சோதித்து அறிதல்

நூலறிவால் மட்டும் முடிவு செய்யாது, சோதித்தும் பார்க்குமாறு பெரியவரை வேண்டினோம். பந்தின் வேகத்தையும், எழும் கோணத்தையும், சுழற்சியையும் அளக்கும் கருவியுள்ள பயிற்சித் திடல் ஒன்றிற்கு அவர் சென்றார். பழைய மட்டையால் ஒன்றும் புதியதால் ஒன்றுமாக மாற்றி மாற்றி இருபது பந்துகளை அடித்தார். மிகச் சிறந்த ஓர் அடியை வைத்துத் தீர்ப்புக் கூறாமல், எல்லா அடிகளின் சராசரியையும் எடுத்துக்கொண்டார். இவ்வொழுங்கு இன்றியமையாதது. கடையில் நமக்கு நினைவில் தங்குவது சிறந்த அடி ஒன்றே. வீட்டில் நம்முடன் வாழ்வது சராசரி.

சராசரியில் புதியது நான்கு மீட்டர் முந்தியிருந்தது. பின்னர் முகப்பில் முகமாவைத் தூவி அடித்துப் பார்த்தார். பந்து பட்ட தடங்கள் நடுவில் இல்லை. இரு மட்டைகளிலும் தண்டின் பக்கமாகவே சிதறிக் கிடந்தன.

இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மட்டையின் தலை மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். நடுவில் பட்டால் பந்து அதனைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, அதாவது 217 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படும். ஓரத்தில் பட்டு அது 1.4 மடங்காகக் குறைந்தால் 203 கிலோமீட்டர். இந்த 14 கிலோமீட்டர் வேற்றுமை, விழும் தொலைவில் ஏறத்தாழ 15 மீட்டர் இழப்பாகும். புதிய மட்டை தந்தது நான்கு. நடுவில் அடிக்கக் கற்றால் கிடைப்பது பதினைந்து. இதனைக் கடையில் விலைக்கு வாங்க இயலாது.

மேலும் ஒரு கணக்கு. 18 குழிகளில் டிரைவரைப் பயன்படுத்துவது பெரும்பாலும் 14 இடங்களில்தான். பெரியவர் ஓர் ஆட்டத்தை 95 அடிகளில் முடிப்பவர். எஞ்சிய 81 அடிகளுக்கு இந்த மட்டையால் யாதொரு பயனும் இல்லை.

பழைய மட்டையைப் புரட்டிப் பார்த்தபோது அதன் ரப்பர்ப் பிடி தேய்ந்து வழவழப்பாகி இருந்தது. சென்னையின் வியர்வையில் வழுக்கும் பிடியை இறுகப் பற்றினால் கைகள் விறைக்கும், அடி கெடும். பிடியை மாற்றுவதற்கு ஆகும் செலவோ புதிய மட்டையின் விலையில் மிகச் சிறு பங்கு.

மனத்தின் இயல்பு

இனி இரண்டாம் வினா. மகன் பரிசாக அளித்தால் நியமம் முறியுமா?

நியமத்தின் சொல்லை மட்டும் நோக்கினால் முறியாது. ஆயினும் தத்துவார்த்த சூத்திரத்தில் ஆசாரியர் உமாசுவாமி பரிக்கிரகத்தைப் பொருளைக் கொண்டு வரையறுக்கவில்லை. மூர்ச்சையைக் கொண்டே வரையறுத்தார். மூர்ச்சையாவது 'எனது' என்னும் மயக்கம். அம்மயக்கம் பணம் கொடுத்தவர் யார் என்று பார்த்து வருவதில்லை. அன்றியும் நம் மரபில் தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் ஆராயப்படுகின்றன. மகன் தானே விரும்பிக் கொணர்வது வேறு. நியமத்தின் வேலியைத் தாண்டுவதற்காக மகனை ஏவுவது வேறு.

ஆசாரியர் சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: அதிவாகனம், அதிசங்கிரகம், அதிவிஸ்மயம், அதிலோபம், அதிபாரவாகனம். அதிசாரமாவது விரதம் முற்றிலும் முறியாவிடினும் மாசுறும் நிலை. இவற்றுள் இரண்டு நம் சான்றோடு நேரே பொருந்துகின்றன.

அதிவிஸ்மயம் என்பது பிறர் எய்திய பொருளையும் ஊதியத்தையும் கண்டு மிக வியந்து மனம் கலங்குதல். பெரியவரின் ஆசை என்று பிறந்தது? தம் மட்டை பழுதுற்ற நாளில் அன்று. நண்பரின் பந்து தம் பந்தைக் கடந்த நாளில். இதனைச் சுட்டியபோது அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "உண்மை; அதற்கு முதல்நாள் வரை என் மட்டை நன்றாகத்தான் இருந்தது" என்றார்.

அதிபாரவாகனம் என்பது அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல். கொல்லாமை விரதத்தின் அதிசாரங்களுள்ளும் இது இடம்பெறுகிறது. பதினான்கு மட்டைகளும் பந்துகளும் குடையும் நீரும் அடங்கிய பை பத்து கிலோவை எளிதில் எட்டும். சென்னை வெயிலில் அதனைத் தோளில் சுமந்து நடப்பவர் நம்மினும் எளிய ஒரு தொழிலாளர். பயன்படாத மட்டை ஒவ்வொன்றும் நம் பரிக்கிரகம். சுமையோ பிறர் தோளில்.

அனர்த்த தண்ட விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக, துய்க்கும் பொருள்களைத் தேவைக்கு மேற்படச் சேர்த்து வைத்தலையும் நூல்கள் எடுத்துரைக்கின்றன. ஒருமுறை துய்த்துக் கழிப்பது போகம். மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம். உணவு முன்னதற்கும் உடை பின்னதற்கும் எடுத்துக்காட்டு. மட்டை உபபோகப் பொருள். உபபோகப் பொருளின் மதிப்பு அது எத்துணை நாள் பயன்பட்டது என்பதில் உள்ளது; எத்துணைப் புதியது என்பதில் அன்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. துள்ளல் வரம்பை மீறிச் செய்யப்பட்ட மட்டைகளும் சந்தையில் கிடைக்கின்றன. முதியோர்க்கு ஏற்றவை என்று கூறி அவற்றை விற்பதுண்டு. அவற்றை மறைத்துப் போட்டியில் ஆடுவது, கள்ளாமை விரதத்தின் அதிசாரமாகிய பொய்யளவை வழங்குவதற்கு ஒப்பாகும். அவ்வாறே கையுறையிலும் கருத்து வேண்டும். விலையுயர்ந்த கோல்ஃப் கையுறைகள் ஆட்டுத் தோலால் ஆனவை. செயற்கை இழையால் ஆன கையுறைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. வியர்வையையும் அவை நன்கு தாங்கும்.

வாங்குவதே தக்கது எனும் நிலை

இவ்வளவும் கேட்டோர், எந்நாளும் எதையும் வாங்கலாகாது என்று நாம் கூறுவதாகக் கொள்ளற்க. அதே கூட்டத்தில் தியாகராய நகரைச் சேர்ந்த சகோதரி ஒருவர் தம் அனுபவத்தை எடுத்துரைத்தார். அவர் கணவரின் பழைய டிரைவரைக் கொண்டே ஆட்டம் கற்றவர். முகப்பின் சாய்வு 9 பாகை, தண்டு விறைப்பானது, எடையும் மிகுதி. மெதுவாக வீசுவோர் அத்தகைய மட்டையால் அடித்தால் பந்து உயர எழாது. தாழப் பறந்து விரைவில் விழும். தோள்வலி வந்த பின்னரே காரணம் புரிந்தது. 12 பாகைச் சாய்வும் இலேசான தண்டும் உடைய மட்டை ஒன்றை, பிறர் பயன்படுத்தியதை, குறைந்த விலைக்கு வாங்கினார். பழையதை அது பொருந்தக்கூடிய ஓர் இளைஞருக்கு அளித்துவிட்டார். பையில் எண்ணிக்கை கூடவில்லை, தோள்வலியும் நீங்கியது.

இதில் மூர்ச்சை எங்கே? உடலுக்குப் பொருந்தாத கருவியை மாற்றுவது தேவை. முகப்பில் பிளவு கண்ட மட்டையை மாற்றுவதும், மூப்பால் வலிமை குன்றும்போது ஏற்றதொன்றைத் தேர்வதும் அவ்வாறே. புதியது, பழையது என்பதன்று அளவுகோல். பொருந்துவது, பொருந்தாதது என்பதே அளவுகோல்.

பெரியவர் செய்த முடிவு

பெரியவர் பழைய மட்டைக்குப் புதிய பிடி இட்டார். ஆசிரியர் ஒருவரிடம் ஆறு வகுப்புகள் பயின்றார். இரண்டும் சேர்ந்தும் அவருடைய 40,000 ரூபாய் வரம்புக்குள் அடங்கின. நடு முகப்பில் தடங்கள் விழத் தொடங்கியிருப்பதாகச் சென்ற மாதம் சொன்னார். நண்பரின் பந்து இன்றும் சில நாள் முந்துகிறது. அதனையும் மறைக்காமல் சொன்னார். மகன் ஊருக்கு வந்தபோது என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். "செயற்கை இழைக் கையுறை இரண்டு போதும்" என்றாராம்.

அவர் தம் பையையும் ஒருநாள் கொட்டிப் பார்த்தார். ஓராண்டாகக் கை படாத மட்டைகள் நான்கு இருந்தன. அவற்றை எடுத்துவிட்ட பின், பை சுமக்கும் தொழிலாளர் அதனைத் தூக்கிப் பார்த்து, "ஐயா, இன்னிக்கு ஏதாவது மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாராம்.

சாதுர்மாசிய காலமும் ஆடித் தள்ளுபடியும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் நம்மை வந்தடைகின்றன. வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். காலம் குறித்து ஏற்பது நியமம். நான்கு மாதங்களுக்கேனும் ஒரு நியமத்தை, கடைக்குள் நுழைந்த பின் அன்று, நுழையுமுன்னரே குறித்துக்கொள்வோமாக.

குடும்பத்துடன் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நாம் வாங்க எண்ணும் பொருளின் மீது ஆசை எந்நாளில் பிறந்தது? நம்மிடமுள்ளது பழுதுற்ற நாளிலா, பிறரிடம் உள்ளதைக் கண்ட நாளிலா?

2. நம்மிடம் உள்ளதைச் செப்பனிட்டால் எவ்வளவு பயன் கிடைக்கும்? அதனைச் சோதித்துப் பார்த்தோமா?

3. குறை பொருளிலா, நம் பழக்கத்திலா?

4. புதியது வந்தால் பழையது யாருக்குச் செல்லும்? எண்ணிக்கை கூடுமா, நிலைத்து நிற்குமா?

5. இப்பொருளின் சுமையை நாம் சுமக்கிறோமா, பிறர் சுமக்கின்றனரா?

6. ஏற்ற நியமத்திற்குச் சுற்றுவழி தேடுகிறோமா?

இவ்வாறிற்கும் விடை எழுதிய பின்னரும் அப்பொருள் வேண்டும் எனத் தோன்றினால், தயக்கமின்றி வாங்குக. வேண்டா எனத் தோன்றினால், வாங்காமையும் ஓர் ஊதியமே எனக் கொள்க.

அறம் பெருகுக!